பெனினாவுக்கு என்ன பிடிக்கும்?

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் தினமும் எழுதவேண்டும் என்று ஷைனி டீச்சர் உத்தரவு போட்டுவிட்டார். பேக்கரிக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற பெண். என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் அதட்டலுக்குக் குறைச்சல் இல்லை. "காலையில இருந்து என்னெல்லாம் செய்தீங்க, எதுக்குச் செய்தீங்கன்னு பத்து வாக்கியம் இங்கிலீஷ்ல எழுதணும் சார். எதுக்குங்கிறதுதான் முக்கியம்" என்றார். மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன், இந்த மாதிரி.

எழுதினேன். பத்தில் ஏழு பொய். தனி ஆள் ஒருவன் ஒரே நாளில் காரணத்தோடு பத்துக் காரியம் செய்வதென்றால் சும்மாவா? உண்மையை எழுதினால் டிவியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடியும் போட்டேன் என்றுதான் வரும். எதுக்கு என்று டீச்சர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அதனால் வகுப்பு நோட்டுக்கு அது, எனக்கு இது. நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி பெனினா இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் நர்ஸ். போய் ஒன்பது வருடமாகிறது. மகள் ரெனியையும் ஐந்து வயதில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் லீவில் வருவார்கள். அம்மா படுக்கையில் கிடந்ததால் நான் போகமுடியவில்லை. அம்மா போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வடசேரியில் உள்ள எங்கள் பாத்திரக்கடையைத் தம்பி கிளாட்சன் பார்த்துக்கொள்கிறான். இனி நான் போகலாம். பெனினா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியாயிற்று என்றாலும், புருஷன் போகவேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டித் தேறவேண்டுமாம்.

ஜனவரி 9, வியாழன்

வகுப்பில் நாங்கள் ஆறு ஆண்கள். ஆறு பேரின் மனைவிமாரும் வெளிநாட்டில் நர்ஸ். எங்கள் நாகர்கோவில் பக்கம் இது ஓர் அதிசயமே அல்ல. கீழே பேக்கரிக்காரர் எங்களை ‘நர்ஸ் மாப்பிள்ளைமார்’ என்கிறார். அவர் கடை பஃப்ஸ் சூடாக இருப்பதால் மன்னித்துவிட்டோம்.

இன்றைய பாடம்: ஒரு சாமான் எதற்கு என்றால் ‘ஃபார்’ போட்டு வினைக்குப் பின்னால் ‘இங்’ ஒட்டவேண்டும். கத்தி, ஃபார் கட்டிங். ஆள் ஒருவன் எதற்காகச் செய்தான் என்றால் ‘டு’. நறுக்குவதற்காகக் கத்தியை எடுத்தான், டு கட். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

வந்து பழகினேன். விளக்குமாறு, ஃபார் ஸ்வீப்பிங். பெரிய குக்கர், ஃபார் குக்கிங். ஆனால் நான் சமைப்பது சின்னதில். சாப்பாட்டு மேசையில் நான்கு நாற்காலி. ஒன்று நான் உட்கார. ஒன்று துவைத்த துணி போட. ஒன்று பழைய பேப்பர் அடுக்க. நாலாவது நாற்காலிக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிறு என்றால் சாயங்காலம் ஏழு மணிக்குப் பெனினா பேசுவாள். அங்கே அப்போது மத்தியானம். ஒன்பது வருடத்தில் தவறியது அபூர்வம்.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. பிரஷர் மாத்திரை போட்டியளா?"

"போட்டேன். அங்க குளிரா?"

"குளிருதான். கிளாஸ் எப்படி போவுது?"

"கொள்ளாம். பிள்ள படிக்காளா?"

"படிக்கா. வைக்கட்டா?"

நல்ல குடும்பம் என்றால் இப்படித்தான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வின்ஸ்லி என்று ஒருவன் வகுப்புக்கு வருகிறான், புதிதாகக் கல்யாணமானவன். அவனும் மனைவியும் தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார்களாம். அப்படி என்னதான் பேசுவார்களோ.

ஜனவரி 15, புதன்

கடைக்குப் போனேன். எதற்கு என்று கிளாட்சன் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

ஜனவரி 19, ஞாயிறு

ரெனியிடம் இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். "ஐ வென்ட் டு த கிச்சன் டு மேக் டீ. ஐ டுக் த கப் டு டிரிங்க் டீ" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, நோபடி டாக்ஸ் லைக் தேட்! டீ குடிச்சேன்னு சொன்னா போதும். எதுக்கு கப் எடுத்தீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் தமிழ் இப்போது டிவியில் பேசுகிற தமிழ் மாதிரி இருக்கிறது. நம் ஊர் வாசனை போய்விட்டது. கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அவள் சிரிக்கட்டும் என்று இன்னும் இரண்டு வாக்கியம் அதே மாதிரி சொன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

பரீட்சை பிப்ரவரி பதினொன்றாம் தேதி, சென்னையில். டீச்சர் எல்லோருக்கும் கேள்வி பதில் கொடுத்து நெட்டுருப் போடச் சொன்னார். நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே அதுதானே தெரியும். ஏன் அந்த நாட்டுக்குப் போகிறாய்? மனைவியோடும் பிள்ளையோடும் சேர்ந்து வாழ. அங்கே என்ன செய்வாய்? வேலை தேட, வீட்டுக்கு உதவ. தண்ணீர்பட்ட பாடாகச் சொல்கிறேன். ஒரு இடத்தில்கூட டு தவறவில்லை.

மனைவியைப் பற்றி ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று வின்ஸ்லி கேட்டான். டீச்சர் அதற்கும் ஒரு வாக்கியம் எழுதிப்போட்டார். என் மனைவிக்குச் சமைப்பது, கடைக்குப் போவது, டிவி பார்ப்பது பிடிக்கும். ஆறு பேரும் கோரஸாகச் சொன்னோம். நாங்கள் ஆறு பேரும் ஒருத்தியைத்தான் கட்டியிருக்கிறோம் போல என்று நான் சொன்னதும் டீச்சரே சிரித்துவிட்டார். அது வராத கேள்வி என்று நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சென்னை. முடிந்தது. அறையில் ஏசி மிக அதிகம்.

பிப்ரவரி 17, திங்கள்

தேறவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிழமை பார்க்காமல் பெனினாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஏசி குளிரில் தொண்டை கட்டிவிட்டது, பரீட்சை வைத்த அம்மாவின் உச்சரிப்பும் விளங்கவில்லை என்றேன்.

"போட்டும். அடுத்தவாட்டி பாத்துக்கலாம்" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். வார்டில் இருந்திருப்பாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஷைனி டீச்சரிடமும் அதே ஏசி கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீங்க கிளாஸ்லயே நல்லா பேசுவீங்களே சார். என்ன கேட்டாங்க, சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கீழே பஃப்ஸ் சாப்பிடப் போயிருந்தார்கள். சொன்னேன்.

பரீட்சையில் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள், பதில் சொன்னேன். எதற்கு, எதற்கு என்று கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பரீட்சை வைத்த அம்மாவுக்கு நரைத்த தலை, நல்ல முகம். பேப்பரை மூடிவைத்துவிட்டு, உங்கள் மனைவிக்கு ஓய்வு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விளங்கியது. சமைக்க என்று வாய் வரைக்கும் வந்தது. பெனினாவுக்குச் சமைக்கப் பிடிக்குமா? சமைப்பாள். பிடிக்குமா என்று நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்? யோசிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா மறுபடி மெதுவாகக் கேட்டார். மகளுக்கு என்ன பிடிக்கும் என்று மாற்றிக் கேட்டார். மணி அடித்துவிட்டது.

"ஏதாவது சொல்லியிருக்கலாமே சார். டெஸ்டுக்கு உண்மை எதுக்கு? அவங்க போன் பண்ணி உங்க மனைவிகிட்டயா கேக்கப் போறாங்க?"

"அது சரிதான் டீச்சர்."

"அப்பம் ஏன் சொல்லல?"

தெரியவில்லை என்றேன். இங்கிலீஷ் எனக்கு வந்தது. பதில்தான் என்னிடம் இல்லை. ஒன்பது வருடமாக வாராவாரம் பேசுகிற பெண்ணைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் குளிரில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது அவமானமாக இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெனினாவிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவள் போனை ரெனியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனபோது, அம்மா லீவு நாளில் என்ன செய்வாள் என்று பையக் கேட்டேன்.

"வியாழக்கிழமை அம்மாவுக்கு லீவ். எனக்கு ஸ்கூல். நான் வரும்போது அவங்களும் அப்பதான் வருவாங்க."

"எங்க போயிட்டு?"

"தெரியாது. பஸ்னு சொல்வாங்க."

"யார்கூட?"

"ஐ டோன்ட் நோ, அப்பா."

கடைக்கு இருக்கும். சாமான் வாங்க.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று வியாழன்.

பத்து வாக்கியமும் எழுதவில்லை. மீன் கருகிவிட்டது. சட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கேட்டேன். கேட்கவேண்டிய மாதிரி கேட்கவில்லை.

"வியாழக்கிழமை நீ என்ன செய்வ?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எதுக்கு கேக்கிய?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கிற ஆளா நீங்க? ஒம்பது வருஷமா மழையா குளிரான்னு கேட்டிய. இப்பம் வியாழக்கிழமை என்ன செய்வன்னு கேக்கிய. யாரு என்ன சொன்னாவ? கிளாட்சன் பெண்டாட்டி ஏதும் சொன்னாளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. பிள்ளதான் அம்மா பஸ்ல போவான்னு..."

"பிள்ளகிட்ட விசாரிச்சியளா?"

அப்புறம் அவள் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. ராத்திரி டியூட்டி பார்த்துப் பிள்ளையையும் வளர்த்தவளிடம் கணக்குக் கேட்கிறாயா என்பதுதான் சுருக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அது வேறு ஏதோ விசாரணைதான். நானும் முழுக்கப் பிடிக்கிறதைப் பற்றித்தான் கேட்டேன் என்று இந்த டைரியில்கூட எழுத முடியவில்லை.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். ஆராதனைக்குப் போனேன். எங்கள் போதகர் ஐயர் நன்றாகப் பிரசங்கம் செய்தார். என்ன பிரசங்கம் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழேகாலுக்கு நான் அடித்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

கிளாட்சன் கேட்டான், "அண்ணே, அடுத்த டெஸ்ட் எப்பம்? மதினி என்ன சொன்னாவ?" ஏப்ரல் எட்டு என்றேன். மதினி சொன்னதைப் பற்றிச் சொல்லவில்லை. டீச்சர் தேதி பதிந்துவிட்டார். போகிற இடத்தில் என்னை வேண்டாம் என்றால் பரீட்சையில் தேறி என்ன செய்ய? இந்த ஒன்றை மட்டும் டீச்சரின் வாக்கியங்களில் எதிலும் பொருத்திச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ரெனியிடமிருந்து மெசேஜ் மட்டும் வந்தது: அம்மா ஓகே, பிஸி. ஒரு பூனைப் படம். பூனை ரெனிக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. அதுவாவது தெரிந்தது.

வீட்டில் இத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறேன். இந்த வாரம்தான் தனியாக இருப்பது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடியிருக்கிறது. பேசியது என்னவோ மாத்திரையும் மழையும்தான்.

மார்ச் 20, வியாழன்

இன்று பிற்பகல் மூன்றரைக்குப் போன் செய்தேன். அங்கே காலை பத்து மணி. அவளுடைய வியாழக்கிழமை. எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டாள். பின்னால் ஏதோ இரைச்சல்.

"ஊர்ல யாருக்கும் என்னமும் ஆயிட்டோன்னு எடுத்தேன். சொல்லுங்க."

"பெனி, டெஸ்ட்ல நான் ஃபெயிலானது ஏசியால இல்ல."

"பின்ன?"

"உம் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாவ. எனக்குத் தெரியல."

நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆறு பேருக்கும் ஒரே மனைவியைக் கொடுத்தது, அது வாயில் வராமல் போனது, ரெனியிடம் கேட்டது, கேட்டபிறகு மனசில் வேறு மாதிரி ஓடியது, மீன் கருகியது வரை.

"அப்பம் என்னச் சந்தேகப்பட்டிய."

"ஆமா. ரெண்டு நாளு. தப்புதான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ ஊர்ப் பெயர் சொன்னது.

"யாரு அது?"

"பஸ்சு. அடுத்த ஸ்டாப் சொல்லுது." கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள். "மாடி பஸ். வியாழக்கிழமை இதுல ஏறுவேன். மேல, முன்னால உள்ள சீட். கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். அங்க கொஞ்ச நேரம் நிக்கும். எறங்கமாட்டேன். அதே பஸ்ல திரும்பி வருவேன்."

"எதுக்கு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டரை மாதப் பழக்கம்.

"எதுக்கும் இல்ல" என்றாள். "ஆஸ்பத்திரியில சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடுவாவ, வீட்டுல அம்மா. இதுல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. கண்ணாடி வழியா வயல்ல நிக்கிற ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு இருப்பேன். ஆறு வருஷமா போறேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு வெசயம் சொல்லட்டா? கோவப்படக்கூடாது."

"சொல்லு."

"நீங்க ஃபெயில்னு சொன்னப்பம் எனக்கு நிம்மதியா இருந்து. நீங்க வந்தா இது போயிரும்னு பயம். டீ எங்க, துண்டு எங்கன்னு கேப்பிய. வியாழக்கிழமையும் எதுக்குன்னு கேப்பிய."

வலித்தது. எழுதும்போதும் வலிக்கிறது. கோபப்படக்கூடாது என்று சொன்னதால் படவில்லை என்று சொன்னால் பொய். கோபப்பட எனக்குள் ஒன்றுமே இருக்கவில்லை.

"அப்பம் வரட்டா, வேண்டாமா?" என்றேன்.

பஸ் இரண்டு ஸ்டாப் சொல்லிவிட்டது. மூன்றாவதும் சொன்னது.

"வந்தா, பக்கத்து சீட்டுல ஒண்ணும் பேசாம இருப்பியளா?"

"இருப்பேன்."

"நீங்களா?"

"நான்தான். இப்பம்கூடப் பேசாம இருக்கேன், பாக்கியா?"

அவள் சிரித்தாள். போனை வைக்கவில்லை. கடைசி ஸ்டாப் வரும்வரை நான் பேசாமலும், அவள் பேசாமலும், பஸ் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ஏழு மணிக்குப் போன் வந்தது. மாத்திரை போட்டாயிற்று. அங்கே மழையாம். வயலில் ஆட்டுக்குட்டிகள் இந்த வருடம் சீக்கிரமே பிறந்துவிட்டனவாம். டீ நான் போட்டுக்கொள்வேன், துண்டு நானே எடுத்துக்கொள்வேன், இங்கே ஒன்பது வருடமாக வேறு யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அதை யோசிக்கவே இல்லை என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சென்னை. இந்த முறை பரீட்சை வைத்தது வேறொரு அம்மா, வயது குறைவு. அதே ஏசி. ரயிலிலேயே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

அவர் என்னிடம் நாகர்கோவில் வானிலை கேட்டார். சொன்னேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஏன் அந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். மனைவியோடு இருக்க என்று ஆரம்பிப்பதற்குள் தலையாட்டிவிட்டு, உங்கள் ஊரில் என்ன பண்டிகை என்று போய்விட்டார். பிறகு நன்றி, அவ்வளவுதான் என்று சொல்லி, ரெக்கார்டரை அணைத்தார். மனைவியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"மேடம், மை வைஃப் லைக்ஸ் கோயிங் பை பஸ்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டெஸ்ட் முடிந்துவிட்டது, இனி இதற்கு மதிப்பெண் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். தெரியும் மேடம் என்றேன். வியாழக்கிழமை, கடைசி ஸ்டாப் வரை, இறங்கமாட்டாள், திரும்பி வருவாள், எதற்கும் இல்லை என்று எனக்கு வந்த இங்கிலீஷில் எல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு தப்பு வந்தது. வெளியே அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. அவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

பஸ்ஸில் எங்கே உட்காருவார்கள், கீழேயா மாடியிலா என்று கேட்டார்.

"அப்ஸ்டேர்ஸ், மேடம். ஃப்ரண்ட் சீட்" என்றேன்.